கதீட்ரல் சதுக்கத்து மர வீடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரான்ஸின் அல்சாஸ் பகுதியில் உள்ள ஸ்ட்ராஸ்பூர்க்குக்கு வரும் சொந்தக்காரர்களையும் நண்பர்களையும் நான் முதலில் கூட்டிப்போவது கதீட்ரல் சதுக்கத்துக்குத்தான். 142 மீட்டர் கோபுரத்தை அண்ணாந்து பார்த்து முடித்ததும் எல்லோருடைய கண்ணும் இடது மூலையில் நிற்கும் கரும்பழுப்பு மர வீட்டுக்குப் போகும். கதீட்ரலைப் பற்றிக் கேட்பதைவிட அந்த வீட்டைப் பற்றித்தான் அதிகம் கேட்பார்கள். வருகிறவர்கள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. அதனால் அவர்கள் கேட்டபடியே எழுதி, பதிலையும் சேர்த்து வைத்திருக்கிறேன்.

“அந்த மூலையில இருக்கிற கறுப்பு வீடு என்னங்க? சர்ச்சோட சேர்ந்ததா?”

அதன் பெயர் காமர்ட்செல் வீடு. கதீட்ரலின் பகுதி இல்லை. ஒரு வியாபாரி கடை வைத்து, குடியிருந்து, சரக்கு அடுக்கி வைக்கக் கட்டிய நகரத்து வீடு. தரைத்தளம் கல். அதற்கு மேல் மூன்று மாடிகள் மரம். அதற்கும் மேலே செங்குத்தான ஓட்டுக் கூரைக்குள் மூன்று அடுக்குப் பரண். மொத்தம் 75 ஜன்னல்கள். மரம் தெரிகிற இடமெல்லாம் சிற்பம்.

அல்சாஸ் பகுதியில் இத்தகைய மரச்சட்டக வீடுகள் ஆயிரக்கணக்கில் உண்டு. ஆனால் மறுமலர்ச்சி, அதாவது ரெனசான்ஸ் காலத்து நகர வீடு ஒன்றை மட்டும் பார்க்க நேரம் இருக்கிறது என்றால் நான் இதைத்தான் காட்டுவேன்.

“காமர்ட்செல்னா யாரு? ராஜாவா, பிரபுவா?”

மளிகைக் கடைக்காரர். 19ஆம் நூற்றாண்டில் இந்த வீட்டை வைத்திருந்த பிலிப் பிரான்சுவா காமர்ட்செல். வீட்டைக் கட்டியதில் அவருக்குப் பங்கில்லை. ஊர் வாயில் அவர் பெயர் நின்றுவிட்டது.

இன்று நாம் பார்க்கும் அழகுக்குக் காரணமானவர் மார்ட்டின் பிரவுன் என்ற பாலாடைக்கட்டி வியாபாரி. 1571இல் வீட்டை வாங்கி, கல் தரைத்தளத்தை மட்டும் வைத்துக்கொண்டு, மேலே இருந்ததை நீக்கிவிட்டுப் புதிதாக எழுப்பினார். பாலாடைக்கட்டி விற்றவருக்கு இவ்வளவு வசதியா என்று கேட்பார்கள். ஸ்ட்ராஸ்பூர்க் அப்போது தன்னைத் தானே ஆண்ட வணிக நகரம். 1388 முதலே ரைன் நதிக்குக் குறுக்கே மரப்பாலம் வைத்திருந்த ஊர். இரு கரைச் சரக்கும் இதன் வழியாகப் போனது. அந்த ஊரின் கதீட்ரல் வாசலிலேயே கடை என்றால் சும்மாவா?

அல்சாஸின் இன்னொரு ஊரான கோல்மாரில் உள்ள புகழ்பெற்ற ஃபிஸ்டர் வீட்டுக்கும் இதே கதைதான். 1537இல் அதைக் கட்டுவித்தவர் லுட்விக் ஷேரர் என்ற தொப்பி வியாபாரி. பெயரோ மூன்று நூற்றாண்டு கழித்து அங்கே வாழ்ந்த ஃபிஸ்டர் குடும்பத்துடையது. என்னோடு வருகிறவர்களிடம் பிரவுன் பெயரை இரண்டு முறையாவது சொல்லி அனுப்புவேன்.

“ஒரு இடத்துல 1427ன்னு போட்டிருக்கு, இன்னொரு இடத்துல 1467, நீங்க 1589ங்கறீங்க. எதுதான் சரி?”

மூன்றும் சரி. 1427இல் இந்த இடத்தில் வீடு எழுந்தது. இப்போது இருக்கும் கல் தரைத்தளம் 1467ஐச் சேர்ந்தது. பிரவுனின் மர மாடிகள் 1589இல் முடிந்தன. சதுக்கத்தில் நின்று பார்த்தாலே இந்த மாற்றம் கண்ணில் படும். கீழே கனத்த கல் வளைவுகள், அதன் தலையில் நெருக்கமாக அடுக்கிய ஜன்னலும் மரமும்.

இதோடு முடியவில்லை. 1892இல் ஒரு பெரிய சீரமைப்பு, அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் உட்சுவர்களில் ஓவியம் என்று அடுக்கு சேர்ந்துகொண்டே போனது. ஒரே ஒரு வருடத்தை மட்டும் சொல்லும் வழிகாட்டிப் பலகையைப் பார்த்தால் எனக்கு மனம் ஒப்பாது. இந்த வீட்டின் மதிப்பே இப்படிப் பல தலைமுறை கைவைத்தும் குலையாமல் நிற்பதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். கீழே வரும் பதில்களில் இதற்கே திரும்பத் திரும்ப வருவேன்.

“ஹாஃப் டிம்பர்னு சொல்றாங்களே, பாதி மரம்னா மீதிப் பாதி என்ன?”

மீதி மண். பிரெஞ்சில் கொலொம்பாஜ் என்றும் ஜெர்மனில் ஃபாக்வெர்க் என்றும் சொல்வார்கள். நான் மரச்சட்டக வீடு என்கிறேன். நிற்கும் தூண்கள், படுத்த உத்தரங்கள், அவை ஆடாமல் இருக்கச் சாய்த்துப் பொருத்திய கட்டைகள், இந்த மூன்றும் சேர்ந்த கூடுதான் வீடு. கூரையின் பாரம் முழுவதையும் அந்தக் கூடு தாங்குகிறது. கட்டங்களுக்கு நடுவே உள்ள சுவர் எதையும் தாங்குவதில்லை, குளிரை மறைப்பது மட்டும்தான் அதன் வேலை. சாதாரண வீடுகளில் அந்த இடைவெளியில் ஓக் குச்சிகளை நிறுத்தி, மிலாறு பின்னி, களிமண்ணும் வைக்கோலும் பிசைந்து இரண்டு பக்கமும் அப்பி, மேலே சுண்ணாம்பு பூசுவார்கள்.

தச்சர்கள் கூட்டை வீட்டு மனையில் வைத்துச் செய்யமாட்டார்கள். பட்டறையில் தரையில் கிடத்தி, அளந்து, அறுத்து, பொருத்திப் பார்த்துவிட்டுப் பிரிப்பார்கள். எந்தக் கட்டை எதோடு சேரும் என்பது மறந்துவிடாமல் உளியால் ரோமன் எண் போன்ற கோடுகளை வெட்டி வைப்பார்கள். பிறகு மனைக்குக் கொண்டுவந்து எழுப்புவார்கள். பழைய அல்சாஸ் வீடுகளில் உத்தரமும் தூணும் சேரும் இடத்தை உற்றுப் பார்த்தால் அந்தக் கோடுகள் இன்றும் தெரியும். நகரத்தில் இவற்றைத் தேடிக் கண்டுபிடிப்பது எனக்குப் பிடித்த வேலை.

பிரித்துச் சேர்க்க முடிந்ததால் வீட்டையே வேறு இடத்துக்குக் கொண்டுபோவதும் நடந்திருக்கிறது. உங்கர்ஸ்ஹைம் ஊரில் 1984இல் திறந்த திறந்தவெளி அருங்காட்சியகம் முழுக்க இப்படி வேறு கிராமங்களில் பிரித்தெடுத்து வந்து மறுபடி நிறுத்திய வீடுகள்தான். ஒரு நாள் ஒதுக்க முடிந்தால் போய்ப் பாருங்கள். காமர்ட்செல் வீட்டில் சிற்பம் மறைத்துவிடுகிற எலும்புக்கூடு அங்கே பளிச்சென்று தெரியும்.

“ஆணியே அடிக்கலையாமே, உண்மையா?”

கூட்டின் மூட்டுகளைப் பொறுத்தவரை உண்மை. ஒரு கட்டையின் முனையை நாக்குப்போல் செதுக்கி, இன்னொன்றில் குடைந்த துளைக்குள் நுழைத்து, குறுக்கே துளையிட்டு மர முளை அடிப்பார்கள். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. இரண்டு கட்டைகளின் துளைகளும் நேருக்கு நேர் இருக்காது, ஒரு நூல் விலகியிருக்கும். முளை உள்ளே இறங்கும்போது நாக்கை இழுத்து இறுக்கிவிடும். ஓக் மரத்தை வெட்டிய ஈரத்தோடேயே இழைப்பார்கள், காய்ந்த ஓக்கில் உளி இறங்குவது கடினம். முளை மட்டும் நன்றாகக் காய்ந்தது. வருடங்கள் போகப் போகச் சட்டம் சுருங்கி முளையைக் கவ்விக்கொள்ளும். தரைப்பலகை, கதவு போன்றவற்றுக்கு இரும்பு ஆணி உண்டு.

“மேல போகப் போக வீடு வெளிய தள்ளிக்கிட்டு வருதே, விழுந்துடாதா?”

விழாது. ஒவ்வொரு மாடியின் தரை உத்தரங்களும் கீழ்ச்சுவரைத் தாண்டிக் கொஞ்சம் நீளும். அவற்றின் நுனியில் அடுத்த மாடியின் சுவர் உட்காரும். வெளியே உட்காரும் அந்தச் சுவரின் பாரம், உள்ளே அதே உத்தரம் நடுவில் தொய்யாமல் தூக்கிப் பிடிக்கிறது. தெருவில் மனை குறுகலாக இருந்தாலும் மேலே அறை அகலமாகும். மழை கீழ்ச்சுவரில் வழியாமல் தள்ளி விழும்.

எல்லோரும் இப்படியே நீட்டிக்கொண்டு போனால் எதிரெதிர் வீடுகள் தலையை முட்டிக்கொள்ளும். ஒரு வீட்டில் பிடித்த தீ தெருவைத் தாண்டிவிடும். 1298இல் ஒரு பெருந்தீ இந்த நகரத்தைத் தாக்கியது, கதீட்ரலும் தப்பவில்லை. அதன் பிறகு நகராட்சி நீட்டலுக்கு அளவு வைத்தது. அனுமதித்த அளவு இதுதான் என்று கதீட்ரலின் சுவரிலேயே பொறித்து வைத்தார்கள். கட்டட விதியை எல்லோரும் கும்பிட வரும் இடத்தில் எழுதி வைத்த அந்த யோசனையை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

ஊருக்குள் பல பழைய வீடுகள் கோணலாக நிற்பதற்குக் காரணம் வேறு. ஈர ஓக் காய்ந்து முறுக்கிக்கொள்வது ஒன்று. இங்குள்ள சதுப்பு மண் இன்னொன்று. கதீட்ரலின் கோபுரத் தூணுக்கு அடியில் இருந்த மரக்கழிகள்கூட நிலத்தடி நீர் இறங்கியதால் மக்கி, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யோஹான் க்னௌத் என்ற கட்டடக் கலைஞர் அடித்தளத்தையே கான்கிரீட்டில் மாற்ற வேண்டியிருந்தது.

“மரவீடு நானூறு வருஷத்துக்கு மேல எரியாம இருக்குமா? கறையான்கூட அரிக்கலையா?”

கனமான ஓக் உத்தரம் சுள்ளிபோல் பற்றாது. வெளிப்புறம் கரியாகும். அந்தக் கரியே உள்ளே வெப்பம் போகாமல் காக்கும். நிமிடத்துக்கு அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல் என்ற வேகத்தில்தான் தீ உள்ளே இறங்கும். பழைய நகரங்களைச் சாம்பலாக்கியதில் வைக்கோல் கூரைக்கும் நெருக்கத்துக்கும் பெரும் பங்கு உண்டு. இருந்தாலும் இந்த வீடு தப்பியதில் பெரும்பகுதி அதிர்ஷ்டம் என்றே சொல்வேன். 1870இல் பிரஷ்யப் படை இந்த நகரத்தை முற்றுகையிட்டுக் குண்டு வீசியபோது, ஆகஸ்ட் 24 இரவில் சில தெரு தள்ளி இருந்த நகர நூலகம் காத்துவைத்த அரிய கையெழுத்துச் சுவடிகளோடு முற்றிலும் எரிந்தது. அடுத்த இரவே கதீட்ரலின் கூரையும் எரிந்தது. 1944இல் நேச நாட்டு விமானங்களின் குண்டுகள் பழைய நகரத்தில் விழுந்தன. கதீட்ரலுக்கும் சேதம். இந்த மர வீடு நின்றது.

ஓக்கின் வைரப்பகுதியில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் நிறைய. பூச்சி எளிதில் அண்டாது. வெளிவட்டத்து வெளிறிய மரத்தைத்தான் வண்டு துளைக்கும். உண்மையான எதிரி ஈரம். அதனால்தான் மரத்தை மண்ணில் ஊன்றாமல் கல்லின் மேல் வைத்தார்கள். காமர்ட்செல் வீட்டில் ஒரு முழுத்தளமே கல். பழைய வீடுகளுக்கு நம் காலத்தில் நடந்த பெரிய கெடுதல் சிமெண்டுப் பூச்சு. சுண்ணாம்பும் மண்ணும் ஈரத்தை உறிஞ்சி வெளியே விட்டுவிடும். சிமெண்டு அதை உள்ளேயே அடைத்துவைக்கும். வெளியே பளபளவென்று இருக்கும்போதே உள்ளே உத்தரம் பஞ்சாகிவிடும். அல்சாஸில் யாராவது பழைய வீடு வாங்கப்போகிறேன் என்றால், முதலில் பூச்சைத் தட்டிப் பாருங்கள் என்றுதான் சொல்கிறேன்.

“ரெனசான்ஸ்னா இத்தாலிதானே? இங்க மார்பிள் இல்ல, டோம் இல்ல. இத எப்படி அந்தக் கணக்குல சேர்க்கிறாங்க?”

நியாயமான சந்தேகம். கூட்டை மட்டும் பார்த்தால் இது இடைக்காலத் தச்சு வேலைதான். செங்குத்துக் கூரையும் வெளித்தள்ளிய மாடிகளும் பிரவுனுடைய பாட்டன் காலத்திலேயே இருந்தவை. மறுமலர்ச்சி வந்து சேர்ந்தது அலங்காரத்திலும், அந்த அலங்காரம் எதைப் பற்றிப் பேசுகிறது என்பதிலும். ஆல்ப்ஸுக்கு வடக்கே பல ஊர்களில் இப்படித்தான் நடந்தது. அச்சிட்ட படங்கள் வழியாகப் புதிய உருவங்களும் பூவேலைப்பாடுகளும் தச்சர் பட்டறைக்கு வந்து சேர்ந்தன. கூடென்பெர்க் 1434 முதல் சுமார் பத்தாண்டு வாழ்ந்து அச்சுக்கான சோதனைகளைச் செய்த ஊர் இது. அச்சுத்தாளுக்குப் பஞ்சமில்லை.

பிரவுன் கட்டிய காலத்தையும் பாருங்கள். கதீட்ரலுக்குள் இருக்கும் வானியல் கடிகாரம் 1574இல் முடிந்தது. அதன் பெட்டியும் ஓவியங்களும் இன்றும் அந்தக் காலத்தவைதான். உள்ளே ஓடும் இயந்திரம் பின்னால் 19ஆம் நூற்றாண்டில் மாற்றியது. சதுக்கத்துக்குத் தென்புறம் கதீட்ரல் பணிமனையின் புதுக்கட்டு, கூடென்பெர்க் சதுக்கத்தில் 1585இல் முடிந்த நகராட்சிக் கட்டடம் எல்லாம் அதே பதினைந்து இருபது ஆண்டுகளுக்குள். அவை கல்லில் சொன்னதைப் பிரவுன் மரத்தில் சொன்னார்.

“செதுக்கியிருக்கிற உருவமெல்லாம் யாரு? சாமி சிலைகளா?”

இந்தக் கேள்விக்காகத்தான் நான் காத்திருப்பேன். சாமிகள் மிகக் குறைவு. மூலைத்தூணில் மூன்று பெண்கள்: விசுவாசம், நம்பிக்கை, அன்பு. கிறிஸ்தவ மரபின் மூன்று பெரிய நற்குணங்களை மனித உருவில் வடித்தவை. ஸ்ட்ராஸ்பூர்க் அப்போது புராட்டஸ்டன்ட் நகரம். 1529இல் கத்தோலிக்கப் பூசையை நிறுத்திவிட்டார்கள், எதிரே இருக்கும் கதீட்ரலே புராட்டஸ்டன்ட் கோயிலாக இருந்தது. புனிதர் சிலைகளை ஏற்காத ஊரில், குணத்துக்கு உருவம் கொடுப்பதில் தடையிருக்கவில்லை.

அங்கிருந்து கண்ணை நகர்த்தினால் ஐம்புலன்கள் வரும். பார்வை, கேள்வி, மணம், சுவை, தொடுகை ஒவ்வொன்றும் ஓர் ஆள். 16ஆம் நூற்றாண்டு வடக்கு ஐரோப்பாவில் ஓவியர்களுக்கு மிகப் பிடித்த பொருள் இது. பிறகு மனித வாழ்வின் பருவங்கள், இசைக்கருவி வாசிப்பவர்கள், பன்னிரண்டு ராசிகள். சீசர், ஹெக்டர், ஷார்லமேன் போன்ற பழைய வீரர்களும் வரிசையாக நிற்கிறார்கள். கிரேக்கமும் ரோமும் விவிலியமும் இடைக்காலமும் ஒரே சுவரில்.

பூசைக்கு இல்லாத இந்தச் சுவரை ஒரு வியாபாரி இப்படி நிரப்பியது ஏன்? நான் புரிந்துகொண்டவரை, “நான் காசுள்ளவன் மட்டும் இல்லை, படித்தவன்” என்று ஊருக்குச் சொல்லத்தான். மறுமலர்ச்சிக் காலம் மனிதனை நடுவில் வைத்துப் பார்த்தது. அவன் உடம்பின் புலன்கள், அவனுடைய வயது, அவனுக்கு மேலே சுழலும் வானம், அவனுக்கு முன் வாழ்ந்த பெரியவர்கள் என்று இந்தச் சுவரில் எல்லாம் அவனைச் சுற்றியே இருக்கின்றன. கதீட்ரல் கடிகாரத்தில் வானம் சுழலத் தொடங்கிப் பதினைந்து வருடத்தில் எதிர்வீட்டு ஜன்னலடியில் ராசிச் சக்கரம் வந்திருப்பதைப் பார்க்கும்போது எனக்கு அந்த இரண்டையும் இணைத்தே பார்க்கத் தோன்றுகிறது. கழுத்து வலித்தாலும் பரவாயில்லை, ராசிகளை ஒவ்வொன்றாகத் தேடுங்கள். குழந்தைகளோடு வந்தால் அவரவர் ராசியை அவர்களே கண்டுபிடிக்கட்டும்.

“இத்தன ஜன்னல் எதுக்கு? கண்ணாடியெல்லாம் பாட்டில் அடி மாதிரி இருக்கே?”

சுவர் பாரம் தாங்குவதில்லை என்று மேலே சொன்னேன். அப்படியென்றால் சுவருக்குப் பதில் ஜன்னலே வைக்கலாம். பிரவுன் அதைத்தான் செய்தார். மண்சுவர் கண்ணில் படாத அளவுக்கு நெருக்கி வைத்தார். அந்தக் காலத்தில் கண்ணாடி விலை உயர்ந்தது. 75 ஜன்னல் என்பது தெருவில் போகிறவர் எண்ணிப் பார்க்கட்டும் என்று வைத்தது.

பெரிய சமதளக் கண்ணாடி செய்வது அப்போது எளிதல்ல. ஊதிச் சுழற்றிச் சிறு வட்டத் தகடுகளாக எடுத்து, ஈயப் பட்டையால் இணைப்பார்கள். நடுவில் ஒரு முடிச்சு போல இருப்பது, சுழற்றும்போது பிடித்திருந்த இரும்புக்கோல் ஒட்டியிருந்த தடம். வெளிச்சம் வரும், ஆள் தெரியாது.

“அக்கா, உள்ளுக்குப் போய்ப் பாக்கேலுமோ?”

பாரிஸிலிருந்து வந்த யாழ்ப்பாணத்துத் தம்பி ஒருவர் கேட்டது. போகலாம். உணவகமும் தங்கும் விடுதியும் இயங்குகின்றன. இங்கே மூன்று வகை மீனோடு பரிமாறும் ஷூக்ரூத், அதாவது புளிக்கவைத்த முட்டைக்கோஸ், பெயர்பெற்றது. சாப்பிட்டால் சுவர்களை நிதானமாகப் பார்க்கலாம்.

அந்தச் சுவர்களில் உள்ள ஓவியங்கள் லேயோ ஷ்னுக் என்ற அல்சாஸ் ஓவியர் 1904, 1905 வாக்கில் தீட்டியவை. ஓ-கூனிக்ஸ்பூர்க் கோட்டையின் விருந்து மண்டபத்தை அலங்கரித்ததும் அவர்தான். பழைய காலத்துப் போர்வீரர்களையும் கேளிக்கைகளையும் வரைவதில் ஆசையுள்ளவர். முதல் உலகப் போருக்குப் பிறகு மனநலம் குலைந்து, 1933இல் ஒரு மனநல மருத்துவமனையில் இறந்தார். ஐம்பத்தைந்து வயதுதான். வெளியே சிற்பம் பார்த்தவர்கள் இவற்றையும் 1589 என்று நினைத்துக்கொள்கிறார்கள். அவர் பெயரையும் சொல்லிவைப்பது என் வழக்கம்.

“இது ஜெர்மன் வீடா, பிரெஞ்சு வீடா?”

கட்டியபோது இது புனித ரோமப் பேரரசுக்குள் இருந்த சுதந்திர நகரம், பேச்சு ஜெர்மன் வட்டார மொழி. 1681இல் பதினான்காம் லூயி நகரத்தைப் பிடித்தார். 1871 முதல் 1918 வரை ஜெர்மன் பேரரசு. பிறகு பிரான்ஸ். 1940 முதல் 1944 நவம்பர் வரை மறுபடி ஜெர்மனியின் பிடி. அதன் பின் இன்றுவரை பிரான்ஸ். தெருப்பெயர்ப் பலகைகளில் பிரெஞ்சுக்குக் கீழே அல்சாஸ் மொழியும் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள்.

வீட்டின் வரலாற்றை இதன் மேல் வைத்துப் பாருங்கள். கதீட்ரலைப் பராமரிக்கும் நோத்ர்தாம் பணிமனை அறக்கட்டளை இதை 1879இல் வாங்கியதும், 1892இல் சீரமைத்ததும், ஷ்னுக் வரைந்ததும் ஜெர்மன் ஆட்சியில். வரலாற்றுச் சின்னம் என்று 1929இல் சட்டப் பாதுகாப்புத் தந்தது பிரெஞ்சு அரசு. இரு நாடுகளும் ஒன்றையொன்று வெறுத்த காலத்திலும் இந்த வீட்டைப் பார்த்துக்கொண்டன. அல்சாஸ் வீடு என்று சொன்னால் இங்கே யாரும் மறுக்கமாட்டார்கள்.

“இவ்வளவு மதிப்புள்ள வீட்ட ஹோட்டல் நடத்த விட்டுட்டாங்களே, மியூசியமா வெச்சிருக்கலாமே?”

பலர் கோபமாகவே கேட்பார்கள். எனக்கு அந்தக் கோபம் இல்லை. இது முதல் நாளிலிருந்து வியாபாரம் நடந்த வீடு. கீழே கடை, மேலே குடும்பம், பரணில் சரக்கு. அடுப்பு எரிந்து, ஆள் நடமாடி, ஜன்னல் திறந்து மூடிக்கொண்டிருந்தால் ஒழுகல் அன்றைக்கே தெரியும். பூட்டிய வீட்டில் அது பத்து வருடம் கழித்துத்தான் தெரியும்.

நடத்துகிறவர் நினைத்தபடி கைவைக்கவும் முடியாது. பிரான்ஸில் 1913 முதலே உள்ள விதிப்படி, பாதுகாக்கப்பட்ட கட்டடத்தில் அரசின் அனுமதியில்லாமல் எந்த மாற்றமும் செய்யக்கூடாது. 1943இல் வந்த விதி, சுற்றி 500 மீட்டருக்குள் நடக்கும் கட்டட வேலைகளையும் கண்காணிப்புக்குள் கொண்டுவந்தது. ஆற்றுக்கு நடுவே தீவாக இருக்கும் இந்தப் பழைய நகரப் பகுதி முழுவதும் 1988 முதல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் இருக்கிறது. உரிமை இன்னும் அதே அறக்கட்டளையிடம். இடைக்காலத்திலிருந்து அறுபடாமல் வரும் அதன் பட்டறை மரபையும் 2020இல் மற்ற ஐரோப்பியக் கதீட்ரல் பட்டறைகளோடு சேர்த்து யுனெஸ்கோ அங்கீகரித்தது.

“நாங்க பகாங்குல புக்கிட் திங்கியிலயே இந்த மாதிரி ஊரப் பாத்துட்டோமே, அதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?”

மலேசியாவின் கிள்ளானிலிருந்து வந்த என் சித்தி குடும்பம் கேட்டது. மலையில் இருக்கும் கோல்மார் ட்ரோப்பிக்கால் என்ற விடுதிக் கிராமத்தைச் சொன்னார்கள். அது கோல்மாரைப் பார்த்துச் செய்த சுற்றுலாத் தலம். பார்வைக்கு அழகு. வித்தியாசத்தை அங்கே போனால் நீங்களே சோதித்துப் பார்க்கலாம். சாய்ந்த கட்டை உண்மையில் எதையாவது தாங்குகிறதா? மூட்டில் முளையின் தலை தெரிகிறதா? எந்த இரண்டு கட்டையாவது ஒரே அகலம் இல்லாமல் இருக்கிறதா? சட்டகத்தைப் பற்றி மேலே எழுதியதை மனதில் வைத்துக்கொண்டால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். இந்தச் சோதனையை ஐரோப்பாவிலும் செய்யுங்கள். இங்கேயும் சுவரில் பலகை ஒட்டிய போலிகள் உண்டு.

“குண்டு போட்டு எரிஞ்சுபோனத அப்படியே திரும்பக் கட்டினா, அது பாரம்பரியமா, நகலா?”

இதற்கு ஜெர்மனியின் ஹில்டெஸ்ஹைம் நகரத்தைப் பார்க்க வேண்டும். அங்கே இறைச்சி வியாபாரிகள் சங்கம் 1529இல் கட்டிய மாளிகை, மரச்சட்டக வீடுகளிலேயே பேரழகு என்று புகழ் பெற்றிருந்தது. 1945 மார்ச் 22 குண்டுவீச்சில் நகரத்தோடு சேர்ந்து எரிந்தது. அந்த இடத்தில் 1960களில் ஒரு நவீன ஹோட்டல் வந்தது. ஊர் மக்கள் மறக்கவில்லை. ஹோட்டலை இடித்துவிட்டு, 1987 முதல் 1989 வரை, ஓக் மரத்தில், மர முளை அடித்து, பழைய முறையிலேயே மாளிகையை மறுபடி எழுப்பினார்கள்.

1529இன் மரம் அதில் இல்லை. அந்தத் தச்சனின் கைத்தடம் போனது போனதுதான். அதைக் காமர்ட்செல் வீட்டுக்குச் சமமாக வைக்க என்னால் முடியாது. அதே நேரம் அதைப் புக்கிட் திங்கியோடும் சேர்க்கமாட்டேன். ஹில்டெஸ்ஹைமில் கூடு உண்மையாகப் பாரம் தாங்குகிறது, இன்றைய தச்சர்கள் பழைய மூட்டுகளைத் திரும்பச் செய்து கற்றார்கள், தங்கள் இழப்பை நேரில் அறிந்த தலைமுறை அதைக் கேட்டு வாங்கியது. கட்டிய ஆண்டு 1989 என்று ஒளிக்காமல் சொல்லும்வரை அது மரியாதைக்குரிய வேலை.

“அப்ப இந்த வீட்டுலயும் மாத்தின கட்டைகள் இருக்கும்தானே? எது பழசு, எது புதுசுன்னு எப்படித் தெரியும்?”

இருக்கும். மழை நேராகப் படும் மர முகப்பு நானூறு வருடத்துக்கு மேல் கைவைக்காமல் நிற்காது. 1892 சீரமைப்பைச் சொன்னேனே, அப்போதைய சீரமைப்பாளர்கள் நம்மைவிடத் துணிச்சலாகக் கைவைப்பவர்கள்.

இன்றைய நல்ல தச்சர் உத்தரம் முழுவதையும் மாற்றமாட்டார். மக்கிய பகுதியை மட்டும் அறுத்தெடுத்து, மீதிக்குப் புதிய ஓக்கைச் சாய்வு மூட்டுப் போட்டு இணைப்பார். இணைத்த கோடு தெரியும். தெரியட்டும் என்றே விடுவார்கள். கட்டை எந்தக் காலத்தது என்று உறுதியாக அறிய ஆண்டு வளையங்களை எண்ணும் முறை இருக்கிறது. பென்சில் பருமனுக்கு ஒரு மாதிரியைத் துளைத்தெடுத்து, வளையங்களின் அகலத்தை அந்தப் பகுதிக்கான வரிசையோடு ஒப்பிடுவார்கள். பட்டைக்கு அடியில் உள்ள கடைசி வளையம் மிஞ்சியிருந்தால், மரம் வெட்டப்பட்ட ஆண்டையே சொல்லிவிடலாம். ஈரத்தோடேயே இழைப்பார்கள் என்று முன்னால் சொன்னது இங்கே உதவுகிறது: வெட்டிய ஆண்டும் கட்டிய ஆண்டும் பெரும்பாலும் ஒன்றிரண்டு வருடத்துக்குள் வந்துவிடும். பொறுப்புள்ள பட்டறைகள் புதிதாகச் சேர்க்கும் துண்டில், வெளியே தெரியாத பக்கமாகப் பார்த்து, அந்த வருடத்தை உளியால் வெட்டி வைக்கின்றன.